சீனிக்கு நான் பழக்கினது

மாசத்துக்கு ஒரு தடவ நீங்க எல்லாம் வேன் பிடிச்சு எங்கயாவது போய்ட்டு வர்றீங்க. ஒண்ணா படிச்சு, ஒண்ணா பள்ளிக்கூடத்துல பாடம் சொல்லிக் குடுத்து, இப்ப ஒண்ணா பென்சன் எடுக்கிற சிநேகிதிங்க. நான் மட்டும் வர்றதில்ல. "வீட்டுல நாய் தனியா கெடக்கும்"னு சொன்னா ஃபோன்லயே சிரிக்கிறீங்க. "நாய்க்குக் காவலா நீ?"ன்னு ஒருத்தி கேட்டா. கேட்டவளுக்கு அவ யாருன்னு தெரியும். கோவம் ஒண்ணும் இல்லடியம்மா. ஆனா காரணத்த ஒரு தடவயாவது சொல்லிரணும்னு இருக்கு. வாயால சொல்ல எனக்கு வராது, அதனால எழுதுறேன்.

இப்ப எங்க வீட்டுல இருக்கிறது பேரன் கொண்டுவந்த நாய். எட்டு மாசந்தான் ஆகுது. மகனும் மருமகளும் ஏழு மணிக்கெல்லாம் டவுனுக்கு வேலைக்குப் போயிருவாங்க, பேரன் பள்ளிக்கூடம். நான் கடைக்குன்னு செருப்ப மாட்டினாப் போதும், அது அழ ஆரம்பிச்சிரும். நான் திரும்பி வர்ற வரைக்கும் ஒரே ஊளை. மருமக ஃபோன்ல எதையோ பாத்துட்டு வந்து சொன்னா:

"அத்தே, இதுக்கு வழி இருக்காம். மொதல்ல ரெண்டு நிமிஷம் வெளிய போய்ட்டு வரணும். அப்புறம் அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். நம்ம வாசம் உள்ள துணி ஒண்ணு பக்கத்துல போடணும். அழாம இருந்தா திங்க ஏதாவது குடுக்கணும். ரெண்டு மூணு வாரத்துல பழகிருமாம். நீங்கதானே வீட்டுல இருக்கீங்க, கொஞ்சம் பழக்கிப் பாருங்களேன்."

நான் அரிசியில கல்லுப் பொறுக்கிக்கிட்டு இருந்தேன். அவ சொன்ன அத்தனையும் அவ பொறக்கிறதுக்கு முன்னாடியே நான் செஞ்சு முடிச்சவ. எனக்கு அப்ப ஒம்பது வயசு.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துல எங்க லயம் மேல் டிவிசன்ல இருந்துச்சு. ஒட்டி ஒட்டி வரிசையாப் பன்னெண்டு காம்பரா. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, முன்னால ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இஸ்தோப்புத் திண்ணை, உள்ள அடுப்பு. மூடுபனி இறங்கிட்டா மலை ஊத்துப் பீலியில தண்ணி விழுற சத்தம் மட்டுந்தான் கேக்கும், பீலி தெரியாது. அப்பாவுக்குத் தோட்டத்து ஃபேக்டரி ஸ்டோருல தேயிலை அரைக்கிற மிசினுக்கிட்ட வேலை. அவரு சட்டையில எப்பவும் தேயிலைத்தூள் வாசம் அடிக்கும். அம்மா மலையில கொழுந்து எடுத்தாங்க. அண்ணன் தம்பின்னு எனக்கு யாரும் இல்ல. சீனிதான் இருந்துச்சு.

சீனி பொட்ட நாய். செஞ்சீனி நெறம், ஒரு காது மடிஞ்சிருக்கும். காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுக்களத்துல யாரோ விட்டுட்டுப் போன குட்டிய அம்மாதான் கூடைக்குள்ள போட்டு எடுத்துட்டு வந்தாங்க. அன்னிலருந்து அது அம்மா நாய். காலையில அம்மா கூடவே மலைக்குப் போகும். அம்மா தேயிலை நிரையில இறங்கினா, அது மேல பாதையில நிழல் மரத்தடியில படுத்துக்கும். கொழுந்து நிறுக்கிற எடத்துக்கு அம்மா நடந்தா அதுவும் பின்னால நடக்கும். மழ வந்தா அம்மா இடுப்புல கட்டியிருக்கிற படங்கோட நுனியத் தூக்கி அது தலைக்குப் போடுவாங்க. படங்கு ஞாபகம் இருக்குதானே? தேயிலைக் குச்சி கிழிக்காம இருக்க இடுப்பச் சுத்திக் கட்டுற தடிச்ச துணி. அம்மா படங்குல கொழுந்துச் சாறும் வெத்தலையும் அட்டை ஏறாமக் காலுல தேய்க்கிற சவுக்காரமும் கலந்த ஒரு வாசம் இருக்கும். வேற எதுலயும் நான் அந்த வாசத்த மோந்ததில்ல.

அந்த வருசம் மழக்காலத் தொடக்கத்துல அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுச்சு. பீலிக்குப் போய் ஒரு குடம் தூக்கிட்டு வர மூணு எடத்துல உக்காருவாங்க. ஒருநாள் கொழுந்து நிறுக்கிற எடத்துல அப்படியே சரிஞ்சிட்டாங்க. உதடெல்லாம் நீலம். தோட்டத்து லொறியில போட்டு டவுன்ல பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. "இருதயத்துல ஒரு கதவு சரியா மூடலியாம்"னு அப்பா வந்து சொன்னாரு. எனக்கு எங்க காம்பராக் கதவுதான் கண்ணுல வந்துச்சு. அதுவும் சரியா மூடாது. ஒரு ஆணிய அடிச்சு வச்சா சரியாயிரும்னு நெனச்சேன்.

அம்மா இல்லாம நாய மலைக்கு விடக் கூடாதுன்னு கங்காணி சொல்லிட்டாரு. அதனால அப்பா வேலைக்குப் போகும்போது சீனிய உள்ள விட்டுக் கதவச் சாத்திட்டுப் போனாரு. பொறந்து அதுவரைக்கும் தனியா இருந்தே பழகாத நாய். நான் பள்ளிக்கூடத்துக்கு இறங்கி பாதி வழி போயிருப்பேன், மேல இருந்து அந்த ஊளை கேட்டுச்சு. என்னா நீளம்! மலையில பட்டு அது திரும்பி வந்துச்சு. நான் காதப் பொத்திக்கிட்டு ஓடினேன்.

சாயந்தரம் பக்கத்துக் காம்பராப் பெரியம்மா இஸ்தோப்புல நின்னுக்கிட்டு இருந்தாங்க. லயத்துக் கடைசியில இருக்கிற பிள்ளைக் காம்பராவுல அவங்கதான் ஆயா. தாய்மாரு மலைக்குப் போனா கைக்கொழந்தைகள அவங்கதான் பாத்துக்குவாங்க. எனக்குத் தலை சீவி விடுறதும், ராவுக்கு ரொட்டியும் சம்பலும் குடுக்கிறதும் அப்ப அவங்கதான். கெட்ட மனுசின்னு சொன்னா என் நாக்கு அழுகிரும். ஆனா அன்னிக்கு அவங்க மொகம் வெளிறிப் போயிருந்துச்சு.

"இந்தாங்க தம்பி, இது நல்லதுக்கில்ல," அப்பாகிட்ட சொன்னாங்க. "அவ அங்க ஆஸ்பத்திரியில உசுருக்குப் போராடுறா. இது இங்க பட்டப்பகல்ல ஊளையிடுது. நாய் கண்ணுக்கு எமன் தெரியும். வாங்க வாங்கன்னு கூப்பிடுற மாதிரி இருக்கு எனக்கு."

"வாயில்லாத ஜீவன் அக்கா. அவளக் காணாமத் தேடுது."

"தேடினா தேடட்டும், எதுக்கு ஊளையிடணும்? எங்க வீட்டு மனுசன் போனப்பவும் மூணு நாளைக்கு முன்னாடியே ஒரு நாய் இப்படித்தான் அழுதுச்சு. லயமே பேசுது தம்பி. ஒங்க பொண்டாட்டி உசுரு ஒங்களுக்குப் பெருசா, நாய் பெருசா?"

அப்பா சட்டையக் கழட்டிக் கொடியில போட்டாரு. அவரு அப்படி நம்புற ஆளில்ல. ஆனா பயந்த மனுசனுக்கு நம்பாம இருக்கத் தைரியம் வேணும், அது அவருக்கிட்ட அப்ப இல்ல. மூணாம் நாளும் சீனி ஊளையிட்டுச்சு. அப்பா உரச் சாக்கு ஒண்ண எடுத்துட்டு வந்து மூலையில போட்டாரு. "பாப்பா, இந்த வாரம் பாப்பேன். அடங்கலன்னா இதுல கட்டிக் கீழ கெலிஓயாப் பக்கம் கொண்டுபோய் விட்டுருவேன். அழுவக் கூடாது."

பாவி, நான் மொதல்ல அத அடிச்சேன். வெறகுக் கட்டையால அடிச்சேன். அது ஓடிப்போய் அடுப்புக்குப் பின்னால ஒளிஞ்சு என்னப் பாத்துச்சு. அடுத்த நாள் என் தலைக்குக் கட்டுற ரிப்பன எடுத்து அது வாயச் சுத்திக் கட்டினேன். மத்தியானம் வந்து பாத்தா ரிப்பன் அறுந்து கெடக்கு, மூக்குல ரத்தம். அதக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதேன். "அம்மாவக் கொல்லாத சீனி, ஒன்னயக் கும்புடுறேன்"னு அது காதுல சொன்னேன். பெரியம்மா சொன்னத நானும் நம்பிட்டேன், பாருங்க. நாயும் போகக் கூடாது, அம்மாவும் போகக் கூடாது, ரெண்டும் அது வாயிலதான் இருக்குன்னு எனக்கு ஆயிருச்சு.

வழி தெரிஞ்சது தற்செயலா. ஒருநாள் காலையில கிளம்பிப் பாதி வழி போனவ, கணக்குக் கொப்பிய மறந்துட்டுத் திரும்பி வந்தேன். ஊளையக் காணோம். சுவர் ஓட்டையால பாத்தேன். கொடியில கெடந்த அம்மா படங்கு எப்படியோ கீழ விழுந்திருக்கு. சீனி அது மேல சுருண்டு, மூக்க மடிப்புக்குள்ள விட்டுக்கிட்டுப் படுத்திருக்கு. நான் உள்ள போனதும் வாலாட்டிச்சு. கையில இருந்த ரொட்டித் துண்டக் குடுத்தேன். திரும்பவும் வெளிய போய் இருபது எண்ணிட்டு வந்தேன். சத்தமே இல்ல. இன்னொரு துண்டு.

அதுக்கப்புறம் ஒரு வாரம் நான் பள்ளிக்கூடம் போகல. அப்பா போனதும் கீழ இறங்கிற மாதிரி இறங்கித் திரும்பி வந்திருவேன். இருபது எண்ணினேன், அம்பது எண்ணினேன். அப்புறம் பீலி வரைக்கும் போய் வந்தேன், மாரியம்மன் கோயில் வளைவு வரைக்கும் போய் வந்தேன். பள்ளிக்கூடத்து வெள்ளச் சட்டையப் போட்டாலே அதுக்குப் புரிஞ்சு முனக ஆரம்பிக்கும். அதனால சும்மா இருக்கும்போதும் வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு அது பக்கத்துலயே உக்காந்திருந்தேன். பால்மா டின் ஒண்ணுல ஆணியால ஓட்ட போட்டு, உள்ள ரொட்டித் தூளப் போட்டு உருட்டி விட்டேன். அது அத உருட்டி உருட்டியே பொழுதப் போக்கிச்சு. ஒரே ஒரு சட்டந்தான்: நான் வரும்போது சத்தம் போடாம இருந்தா வலது கையில ரொட்டி இருக்கும். முனகினா இருக்காது. யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல. பிற்காலத்துல முப்பது வருசம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியிருக்கேன், அந்தளவு பொறுமையா எந்தப் பிள்ளைக்கும் சொல்லிக் குடுத்ததில்ல.

இதுக்கு நடுவுல பெரியம்மா கோயில் பூசாரிகிட்ட மந்திரிச்ச கறுப்புக் கயிறு ஒண்ண வாங்கிட்டு வந்து சீனி கழுத்துல கட்டினாங்க. நாய் அடங்கினதும் பேரெல்லாம் கயித்துக்குத்தான். "பாத்தீங்களா தம்பி, என்னா சக்தி! இனிமே கெட்டதக் கண்டா மட்டுந்தான் இது வாயத் தெறக்கும்"னு லயம் முழுக்கச் சொல்லிட்டாங்க. நான்தான் பழக்கினேன்னு சொன்னா பள்ளிக்கூடம் போகாத கத வெளிய வந்திரும். அப்பா கைக்குப் பயந்து நான் வாய மூடிக்கிட்டேன்.

ஞாயித்துக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போனப்ப அம்மாகிட்ட சந்தோசமாச் சொன்னேன். "அம்மா, சீனி இப்பத் தனியா இருந்தா அழுவுறதே இல்லம்மா."

அம்மா "அப்படியா? என்னய மறந்திருச்சா?"ன்னு கேட்டாங்க. இல்லம்மா, உன் படங்குலதான் படுக்குதுன்னு சொல்ல வாயெடுத்தேன். அப்பா பக்கத்துல நின்னாரு. சொல்லல.

மூணு வாரத்துல அம்மா வீட்டுக்கு வந்துட்டாங்க. எலும்பும் தோலுமா. ஆனா சிரிச்சாங்க. சீனி அம்மாவச் சுத்திச் சுத்தி வந்து ஒண்ணுக்கே போயிருச்சு. பாரம் தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, பக்கத்துல ஒரு ஆள் இருந்தா நல்லதுன்னு டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தாரு. அப்பா நாலு நாள் வீட்டுல நின்னாரு. அஞ்சாம் நாள் ஸ்டோருக்குப் போயே ஆகணும். அன்னிக்குக் காலையில பெரியம்மா எனக்குச் சடை பின்னிக்கிட்டே சொன்னாங்க:

"நீங்க போய்ட்டு வாங்க தம்பி. நான் இந்தா, பிள்ளைக் காம்பராவுலதானே இருக்கேன். போதாததுக்கு சீனி இருக்கு. அவளுக்கு ஒண்ணுன்னா அது லயத்தையே கூட்டிராதா?"

"அதுவும் சரிதான்," அப்பா சொன்னாரு.

சடைய இழுத்துப் பின்னினதுல எனக்குக் கண்ணுல தண்ணி. அந்த நிமிஷத்துல நான் சொல்லியிருக்கணும். பெரியம்மா, அது கூட்டாது. கதவு சாத்தினா சும்மா இருக்கணும்னு அதுக்கு நான் பழக்கி வச்சிருக்கேன். இவ்வளவுதான் சொல்லணும், ஒரே மூச்சுல சொல்லியிரலாம். எனக்குத் தோணவே இல்லன்னு இத்தன வருசமா எனக்கு நானே சொல்லிப் பாத்துட்டேன். பொய். தோணுச்சு. பள்ளிக்கூடத்த நெனச்சு, அப்பா கைய நெனச்சு, சாயந்தரம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்.

எட்டு நாள் ஒண்ணும் ஆகல. ஒம்பதாம் நாள் மத்தியானம் தூறல். நான் புத்தகத்தத் தலைக்குப் பிடிச்சுக்கிட்டு ஏறி வந்தேன். லயம் அமைதியா இருந்துச்சு. பிள்ளைக் காம்பராவுல பெரியம்மா தாலாட்டுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. எங்க காம்பராக் கதவு சாத்தியிருந்துச்சு, உள்ள சத்தமே இல்ல. சீனி கெட்டிக்காரின்னு நெனச்சுக்கிட்டுக் கதவத் தள்ளித் தெறந்தேன்.

வெளிச்சத்துல இருந்து உள்ள போனதுல ஒண்ணும் தெரியல. சீனி எழும்பி வந்துச்சு, வாலாட்டிச்சு, என் முன்னால உக்காந்து வலது கையப் பாத்துச்சு. நான் மடியில வச்சிருந்த ரொட்டித் துண்ட எடுத்துக் குடுத்தேன். தலையத் தடவி "நல்ல புள்ள"ன்னும் சொன்னேன்.

அதுக்கப்புறந்தான் அம்மாவப் பாத்தேன். அடுப்புக்கும் கதவுக்கும் நடுவுல குப்புறக் கெடந்தாங்க. செம்பு உருண்டு தண்ணி காய்ஞ்சு போயிருந்துச்சு. ஒரு கை கதவுப் பக்கமா நீட்டியிருந்துச்சு. காலுக்கிட்ட சீனி இவ்வளவு நேரம் படுத்திருந்த எடம் தரையில தெரிஞ்சுச்சு. அது அங்க இழுத்துட்டு வந்திருந்த படங்கும் கெடந்துச்சு.

நான் கத்தின கத்துல பெரியம்மா கைக்கொழந்தையோட ஓடி வந்தாங்க. தோட்டத்து மருந்துக்காரய்யா வந்து கையப் பிடிச்சுப் பாத்துட்டு, "ஒடம்பு இன்னும் சூடு ஆறல. விழுந்து ரொம்ப நேரம் உசுரோடதான் கெடந்திருக்காங்க. யாருக்குமே கேக்கலியா?"ன்னாரு. பெரியம்மா தலையில தலையில அடிச்சுக்கிட்டாங்க. "இருபதடி தூரத்துல பால் ஆத்திக்கிட்டு இருந்தேனே! ஒரு கொரல் குடுத்திருந்தா ஓடி வந்திருப்பேனே! அடி சண்டாளி, சோறு போட்டவ விழுந்து கெடக்கா, பாத்துக்கிட்டுப் படுத்திருந்தியே!" காலால சீனிய எத்தினாங்க. அது அப்பவும் சத்தம் போடல.

அத ஊளையிடாதேன்னு சொன்ன லயந்தான், அது ஏன் ஊளையிடலன்னு பதினாறு நாளும் பேசிச்சு. அது அம்மாவ விட்டுட்டு வேடிக்க பாக்கலங்க. அமைதியாக் காத்திருந்தா எல்லாரும் திரும்பி வருவாங்கன்னு அது என்கிட்டதான் படிச்சுச்சு. அது காத்துக்கிட்டு இருந்துச்சு.

காரியம் முடிஞ்ச மறுநாள் காலையில அப்பா மூலையில கெடந்த உரச் சாக்க உதறினாரு. சீனி கழுத்துக் கயித்த வெட்டி அடுப்புல போட்டாரு. சாக்குக்குள்ள விடும்போது அது திமிறல, முனகக்கூட இல்ல. நான் வெள்ளச் சட்டையோட வாசல்ல நின்னேன். "அப்பா, அது மேல தப்பில்லப்பா"ன்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. அப்பா கண்ணு செவந்து கெடந்துச்சு. அவரு சாக்கத் தோளுல போட்டுக்கிட்டுக் கெலிஓயாவுக்கு இறங்கிற பாதையில போனாரு. மூடுபனிக்குள்ள முதுகு மறையிற வரைக்கும் சாக்கு அசையல. நானும் சத்தம் போடல.

அது திரும்பி வரும்னு ரெண்டு மாசம் ரொட்டி எடுத்து வச்சேன். அம்மா படங்க மத்த உடுப்புகளோட எரிச்சுட்டாங்க. பால்மா டின் மட்டும் வெறகுக்குப் பின்னால கெடந்து ஒருநாள் உருண்டு வந்துச்சு. உள்ள ஏதோ கடகடன்னுச்சு. அத எங்க போட்டேன்னு ஞாபகம் இல்ல. பெரியம்மா நான் பெரியவளான வருசம் செத்துப் போனாங்க. அப்பா என் பிள்ளைகளத் தூக்கி வளத்துட்டுத்தான் போனாரு. கடைசிக் காலத்துல ஒருநாள், "அந்த நாய் ஏன் பாப்பா கத்தாம இருந்துச்சு?"ன்னு திடீர்னு என்னக் கேட்டாரு. மாத்திரையக் கையில குடுத்துட்டுத் தண்ணி எடுக்கப் போனேன். இன்னிக்குத்தான் உங்ககிட்ட சொல்றேன்.

போன செவ்வாய்க்கெழம எனக்குக் கிளினிக். யாரும் வீட்டுல இல்ல, போகாமயும் இருக்க முடியாது. மூணு மணி நேரம் ஆயிருச்சு. திரும்பி வந்து எங்க ஒழுங்கை முனையில ஆட்டோவ விட்டு இறங்கினதும் கேட்டுச்சு. அதே நீளமான ஊளை. மேல் வீட்டு ராத்தா படியில நின்னாங்க. "நீங்க போன நேரந்தொட்டு ஒரே அழுக. மனசு கேக்காம நாலு தரம் ஜன்னலால எட்டிப் பாத்தேன்"னாங்க. அந்த மனுசி கையப் பிடிச்சுக்கிட்டு நடு ஒழுங்கையில நின்னு நான் அழுதேன். அவங்க பயந்துட்டாங்க, பாவம்.

கதவத் தெறந்தேன். நாய் மேல விழுந்து கத்திச்சு. நேரா அடுப்படிக்குப் போய் ஒரு ரொட்டிய எடுத்துட்டு வந்து, அது கத்தக் கத்தப் பிச்சுப் பிச்சுக் குடுத்தேன். அந்த நேரம் பாத்து, அன்னிக்கு வேலை சீக்கிரமா முடிஞ்சு மருமக வந்துட்டா.

"ஐயோ அத்தே, அழுவுற நேரத்துல குடுத்தா அப்புறம் எப்பவும் அழுவும். பழக்கத்தக் கெடுக்கிறீங்க."

"கெடட்டும்"னு சொல்லி மிச்ச ரொட்டியையும் குடுத்தேன்.